நாலாவது தையல் கடை

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். சூடு ஆறுவதற்குள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடலாம்.

ஒரு தெரு. அங்கே மூன்று வீட்டு வாசலில் ஏற்கெனவே 'பிளவுஸ் தைத்துத் தரப்படும்' என்று போர்டு தொங்குகிறது. நாலாவதாக ஒரு பெண் தையல் கோர்ஸ் முடித்து, மகளிர் குழுவில் லோன் எடுத்து, மோட்டார் வைத்த மெஷின் வாங்கி, தானும் ஒரு போர்டு மாட்டுகிறார். மற்ற மூவரும் ஒரு பிளவுஸுக்கு 200 ரூபாய் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வந்தவர் என்ன ரேட் சொல்வார்? பெரும்பாலும் 180.

தப்பென்று சட்டெனத் தெரியாது. இருபது ரூபாய்தானே, ஆள் வரட்டும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும். இப்போது கணக்கு. நூல், ஹூக், கேன்வாஸ், கரண்ட் என்று ஒரு பிளவுஸுக்கு 40 ரூபாய் போகிறது என்று கொள்ளுங்கள். 200 வாங்கினால் கையில் நிற்பது 160. 180 வாங்கினால் 140. ரேட்டைக் குறைத்தது பத்து சதவீதம். வருமானம் குறைந்தது பன்னிரண்டரை சதவீதம். பழைய ரேட்டில் வாரம் எட்டு பிளவுஸ் தைத்தால் 1,280 ரூபாய். புதிய ரேட்டில் ஒன்பது தைத்தாலும் 1,260தான். வெட்டுவது, தைப்பது, ஹூக் கட்டுவது, எம்மிங் என்று ஒரு பிளவுஸுக்கு மூன்று மணி நேரம் ஆகுமானால், அந்த மூன்று மணி நேரமும் கூடுதலாக உழைத்து, அதற்கு மேல் 20 ரூபாயும் விட்டிருக்கிறார்.

இது முதல் மாதக் கதை. இரண்டாவது மாதம் மற்ற மூவருக்கும் சேதி போய்விடும். அவர்களும் 180க்கு இறங்குவார்கள். தெருவில் இருக்கிற பெண்கள் ரேட் குறைந்தது என்பதற்காக வருஷத்துக்கு இரண்டு பிளவுஸ் அதிகமாகத் தைத்துப் போடப் போவதில்லை. ஆக, நாலு பேரும் அதே வேலையைக் குறைந்த காசுக்குச் செய்கிறார்கள். லாபம் யாருக்கு என்று கேட்டால், வாடிக்கையாளருக்கு. அவருக்கும் கொஞ்ச நாளைக்குத்தான். பிறகு நாலு பேரில் இரண்டு பேர் மெஷினை மூடிப் போட்டுவிடுவார்கள்.

போட்டி உத்தியைப் பற்றிப் பாடம் நடத்துகிற எல்லாரும் மைக்கேல் போர்ட்டரிடமிருந்து தொடங்குவார்கள். ஹார்வர்டு பேராசிரியர். 1980ல் அவர் எழுதிய புத்தகம் இன்றைக்கும் மேலாண்மை வகுப்புகளில் ஓடுகிறது. அவர் காட்டிய வழிகள் மூன்று: மற்றவரைவிடக் குறைந்த செலவில் செய்வது, மற்றவர் தராத ஒன்றைத் தருவது, ஊர் முழுவதையும் பிடிக்காமல் ஒரு சின்னக் கூட்டத்துக்கு மட்டும் முழுமையாகச் செய்வது. இதில் முதல் வழியைக் கவனியுங்கள். அவர் சொன்னது குறைந்த விலை இல்லை, குறைந்த செலவு. துணியை லாரிக்கணக்கில் வாங்குகிறவர், ஐம்பது மெஷின் போட்டவர், அவருக்குச் செலவு குறைவு. அதனால் விலையைக் குறைத்தாலும் நிற்பார். நம் தெருப் பெண்ணுக்கு நூல்கண்டு விலை மற்ற மூவருக்கு எவ்வளவோ அவ்வளவுதான். அவர் குறைத்தது செலவை இல்லை, தன் கூலியை.

அப்படியானால் ஏன் இவ்வளவு பேர் அந்த வழியிலேயே போகிறார்கள்? விவரம் தெரியாததால் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் நேரத்துக்கு விலை போடாமல்தான் நம் வீடுகளில் பெண்களைப் பழக்கியிருக்கிறோம். சமையலுக்குக் கூலி இல்லை, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக்கொடுப்பதற்குக் கூலி இல்லை. அதே திண்ணையில், அதே மதியத்தில் தைக்கிற பிளவுஸுக்கு மட்டும் மணிக்கணக்கு எப்படி வரும்? கூடவே, வருகிற கஸ்டமர் எல்லாம் அக்கா, சித்தி, பக்கத்து வீட்டு மதினி. "நமக்குள்ள என்ன, பாத்துப் போட்டுக்க" என்று அவர்கள் சொல்லும்போது 200 என்று வாய் வருவதில்லை.

ரேட்டைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தத் தெருவில் ஏன் நாலு பேரும் பிளவுஸே தைக்கிறார்கள்?

கானா நாட்டில் ஹோஹோ என்று ஓர் ஊர். அங்கே தையல்காரர்களைக் கணக்கெடுத்து மோர்கன் ஹார்டி, கிசெல்லா காகி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். அங்கும் ஆண் தையல்காரர்கள் பெரும்பாலும் ஆண்களுக்கும், பெண் தையல்காரர்கள் பெண்களுக்கும் தைக்கிறார்கள். லாபத்தில் ஆண்கள் வெகு முன்னால். கைத்திறமையில் குறைவா, உழைப்பில் குறைவா என்று பார்த்தால், காரணம் வேறு இடத்தில் இருந்தது: பெண்கள் துணி தைக்கும் பக்கத்தில் கூட்டம் அதிகம். இருக்கிற வாடிக்கையாளர்களை இத்தனை கடைகள் பங்கு போட்டால் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம்தான் வரும். ஆய்வாளர்கள் சிலருக்குக் குலுக்கல் முறையில் கூடுதல் ஆர்டர் கொடுத்துப் பார்த்தார்கள். பெண்களுக்கு அது அப்படியே லாபமாகச் சேர்ந்தது. அவர்கள் கையில் வேலை செய்ய நேரமும் திறனும் இருந்தன, வேலைதான் வரவில்லை.

உகாண்டாவில் இதன் மறுபக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். கம்பாலா நகரத்தில் கட்வே என்கிற பகுதி, இரும்பு வேலை, வெல்டிங், மெக்கானிக் பட்டறைகள் நிறைந்த இடம். அங்கே ஆண்கள் செய்கிற தொழிலுக்குள் நுழைந்த பெண்களையும், பெண்கள் வழக்கமாகச் செய்கிற தொழிலிலேயே இருப்பவர்களையும் ஒப்பிட்டபோது, நுழைந்தவர்கள் ஆண்களுக்குச் சமமாகச் சம்பாதித்தார்கள். மற்ற பெண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. அதில் என் கண்ணில் பட்ட விஷயம் வேறு. வழக்கமான தொழிலில் இருந்த பெண்களில் பலருக்கு, தாங்கள் குறைவாகச் சம்பாதிக்கிறோம் என்பதே தெரியாது. எல்லாரும் இப்படித்தான் சம்பாதிக்கிறார்கள் என்று நினைத்திருந்தார்கள். எல்லை தாண்டிய பெண்களையோ, பெரும்பாலும் அப்பாவோ அண்ணனோ ஒரு குடும்ப நண்பரோ அந்தப் பட்டறைக்குள் முதலில் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

உடனே எல்லாரும் வெல்டிங் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டம் சேர்வதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, திரும்பக் கூப்பிடப் போகும் வரை உள்ள நேரத்தில் முடிகிற வேலை வேண்டும். வீட்டை விட்டு வெளியே போகாமல் செய்ய வேண்டும். ஏற்கெனவே கை பழகியதாக இருக்க வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கக்கூடாது. இந்த நாலு சல்லடையிலும் சலித்தால் தையல், இட்லி மாவு, ஊறுகாய், பூ, அழகு நிலையம் என்று கைவிரலில் எண்ணக்கூடியவைதான் மிஞ்சும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருத்தி எடுத்த முடிவும் சரியான முடிவு. எல்லாரும் சேர்ந்து ஒரே இடத்தில் வந்து நிற்பதுதான் சிக்கல்.

தமிழ்நாட்டில் இந்தக் கூட்டம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2013-14ல் எடுத்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில், நாடு முழுக்கப் பெண்கள் நடத்தும் தொழில்கள் சுமார் 80 லட்சம். அதில் அதிகப் பங்கு, ஏறத்தாழ 13.5 சதவீதம், தமிழ்நாட்டில். கேரளம் அடுத்தது. நாடு முழுக்க உள்ள அந்தத் தொழில்களில் நூற்றுக்கு 79, சொந்தப் பணத்தைப் போட்டு ஆரம்பித்தவை. நகையை வைத்தோ, சீட்டு எடுத்தோ, அரிசிப் பானையில் சேர்த்ததைக் கொண்டோ. அப்படிப் போட்ட பணம் போனால் திரும்ப எடுக்க வழியில்லை. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரி செய்து பிழைப்பதைப் பார்த்துவிட்டு அதையே செய்கிறார்கள். துணிச்சல் இல்லை என்று மேடையில் பேசுகிறவர்கள், கழுத்துத் தாலிக்கொடியைத் தவிர மிச்சம் எல்லாவற்றையும் அடகு வைத்து ஒரு கடை திறந்து பார்க்கட்டும்.

பணத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. இதில் இலங்கையில் நடந்த ஒரு பரிசோதனை உண்டு. கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள்.

2005ல் தென்னிலங்கையில் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சின்னத் தொழில் செய்கிறவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் கொடுத்தார்கள். திருப்பித் தர வேண்டாம். சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் என்ற மூன்று பொருளியலாளர்களின் வேலை இது. பணம் வாங்கிய ஆண்களின் லாபம் நன்றாக ஏறியது. பெண்களின் லாபம் ஏறவே இல்லை. படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். பெண்களுக்குச் சிறுகடன் கொடுத்தால் குடும்பம் முன்னேறும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

பெண்களுக்கு வியாபாரம் வராது என்று முடிவு கட்டியிருக்கலாம், கட்டியவர்களும் உண்டு. பல வருஷம் கழித்து, 2019ல், ஆரியல் பெர்ன்ஹார்ட், எரிக்கா ஃபீல்டு, ரோகிணி பாண்டே, நடாலியா ரிகோல் என்ற நால்வர் இலங்கை, கானா, இந்தியா மூன்று நாட்டுத் தரவுகளையும் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டார்கள்: அந்த வீட்டில் வேறு யாராவது தொழில் செய்கிறார்களா? விடை அங்கேதான் இருந்தது. கணவருக்கும் ஒரு தொழில் இருந்த வீட்டில், பெண் பெயருக்கு வந்த பணம் கணவர் தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டில் அந்தப் பெண் ஒருவரே தொழில் செய்கிறவர் என்றால், அவருடைய லாபமும் ஆண்களுக்கு ஏறியதைப் போலவே ஏறியிருந்தது. முதலில் பார்த்தவர்கள் தப்பான கல்லாப்பெட்டியில் பணத்தைத் தேடியிருக்கிறார்கள்.

போட்டியாளர், வாடிக்கையாளர், சரக்கு தருகிறவர், புதிதாக வருகிறவர், மாற்றுப் பொருள் என்று ஒரு தொழிலை நெருக்கும் ஐந்து சக்திகளைப் போர்ட்டர் பட்டியல் போட்டார். ஒரு பெண் நடத்தும் சின்னத் தொழிலுக்கு ஆறாவதாக ஒன்று உண்டு; அது வீடு. "ஆட்டோவுக்கு டியூ கட்டணும், அந்தக் குழுப் பணத்தைக் குடு" என்ற ஒரு வாக்கியத்தில் தீபாவளிக்கு வாங்கி வைக்க வேண்டிய லைனிங் துணி காணாமல் போய்விடும். குடும்பக் கணக்கில் அது சரியாகவும் இருக்கலாம். ஆட்டோ ஓடினால் வருமானம் அதிகம் வரலாம். ஆனால் அவருடைய கடை வளராததற்குக் காரணம் அவர் இல்லை என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். தொழிலுக்குத் தனி பேங்க் கணக்கு, தனி ஜிபே நம்பர் வைத்துக்கொள்ளச் சொல்லும்போது சிலர் இதைக் கணவரை நம்பாத வேலையாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எடுத்தால் எடுத்தது தெரிய வேண்டும்; அவ்வளவுதான்.

இந்த நெருக்கங்களுக்கு நடுவே வழி கண்டவர்களைப் பார்க்க, இனி அப்பளத்துக்கு வருவோம். லிஜ்ஜத் அப்பளத்தின் கதையைக் கேட்காதவர் குறைவு. ஆனால் சொல்கிறவர்கள் எண்பது ரூபாயில் ஆரம்பித்து 1,600 கோடி ரூபாய் விற்பனையில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் இருக்கிற தொழில் சூட்சுமத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1959 மார்ச் 15. பம்பாய் கிர்காவ் பகுதியில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடி. ஏழு குஜராத்திப் பெண்கள், ஜஸ்வந்திபென் போபட் அவர்களில் ஒருவர். கடன் வாங்கிய 80 ரூபாய். முதல் நாள் நாலு பாக்கெட் அப்பளம். புலேஷ்வரில் ஒரு தெரிந்த வியாபாரிக்கு விற்றார்கள். ஆரம்பத்தில் அவர்களும் நம் தெருப் பெண் செய்ததையே செய்தார்கள்: நல்ல அப்பளம் ஒன்று, கொஞ்சம் தரம் குறைந்த மலிவு அப்பளம் ஒன்று என்று இரண்டு ரகம் போட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்பாபா என்ற சகன்லால் கரம்சி பாரேக் அதை நிறுத்தச் சொன்னார். ஒரே ரகம், ஒரே தரம், அதில் விட்டுக்கொடுக்கக்கூடாது; கணக்கை ஒழுங்காக எழுத வேண்டும். அவருடைய அறிவுரையின் சாரம் இவ்வளவுதான். வீட்டுக்கு வீடு அப்பளம் இடுகிற ஓர் ஊரில், விலையில் மோத வேண்டாம் என்று எடுத்த முடிவு அது.

முதல் வருஷம் மழைக்காலத்தில் நாலு மாதம் வேலை நின்றுபோனது. வெயில் இல்லை, அப்பளம் காயவில்லை. அடுத்த வருஷம் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். அப்பளத்தைக் கட்டில் மேல் பரப்பி, அடியில் அடுப்பை வைத்துக் காயவைத்தார்கள். மற்ற வீடுகளில் மழைக்காலத்தில் அப்பளம் இட முடியாது, இவர்களிடம் கிடைக்கும். பெரிய முதலீட்டில் வருகிற யோசனை இல்லை இது. அந்த வேலையைக் கையால் செய்கிறவருக்குத்தான் தோன்றும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மூன்றாவது விஷயம். புதிதாக ஒரு பெண் வந்து நானும் அப்பளம் இடுவேன் என்றால், வழக்கமாக அவர் போட்டியாளர். இங்கே அவர் பங்காளி ஆனார். மூன்று மாதத்தில் ஏறத்தாழ இருபத்தைந்து பேர். சேர்கிற ஒவ்வொருவரும் உடைமையாளர். லாபத்தில் எல்லாருக்கும் பங்கு. மாவு ஒரே இடத்தில் பிசைகிறார்கள், அதனால் ருசி மாறாது. பெண்கள் மாவை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போய், தங்களுக்கு ஒழிந்த நேரத்தில் இட்டு, மறுநாள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இட்ட எடைக்குக் கூலி வாங்கிக்கொண்டு, அடுத்த மாவோடு திரும்புகிறார்கள். வீட்டை விட்டு நகர முடியாது என்பது எந்த ஆலோசகர் பார்வையிலும் ஒரு குறை. இவர்கள் அந்தக் குறையைச் சுற்றியே தொழிலைக் கட்டினார்கள். ஃபேக்டரி போட்டுச் சம்பளத்துக்கு ஆள் வைக்கிற நிறுவனம் இதை நகலெடுப்பது கடினம். 1966ல் சங்கமாகப் பதிவானது. இன்று சுமார் 45,000 பெண்கள். ஜஸ்வந்திபென்னுக்கு 2021ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்பளம் இடுகிறவர் யாரும் இதில் பணக்காரர் ஆகிவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டிலிருந்தபடியே, யார் கையையும் எதிர்பார்க்காமல் ஒரு வருமானம் நிலையாக வருகிறது.

நம் தெருவுக்குத் திரும்பலாம். பிளவுஸ் தைக்க நாலு பேர் இருக்கிற தெருவில், பள்ளி பேண்டுக்கு ஜிப் மாற்றிக் கொடுக்க ஆள் இருக்காது. கிழிந்த சீட் கவர், ஜன்னல் திரை, தலையணை உறை, ரெடிமேட் சுடிதாரைப் பிடித்துக் கொடுப்பது, இதற்கெல்லாம் மக்கள் பஸ் ஏறிப் போகிறார்கள். பாலூட்டும் தாய்மார்களுக்கு ஏற்றபடி தைத்துக் கொடுப்பவரை, கூன் விழுந்த முதுகுக்கு அளவெடுக்கத் தெரிந்தவரை, வாடிக்கையாளர் 20 ரூபாய்க்காக விட்டுப் போக மாட்டார். முகூர்த்த மாதத்தில் சொன்ன தேதிக்குத் தருகிற தையல்காரர் எந்த ஊரிலும் அபூர்வம்; அதற்கு நூறு ரூபாய் கூடக் கேட்கலாம், கொடுப்பார்கள். ஆரி வேலை கற்றுக்கொண்டு மேலே போனவர்களும் உண்டு. ஆனால் இப்போது அதற்கும் கோர்ஸ் முளைத்துவிட்டது, அங்கேயும் கூட்டம் சேர்கிறது. காலியான இடம் ரொம்ப நாள் காலியாக இருக்காது. அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பார்க்கிற பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? முடியும் என்று டோகோ நாட்டில் காட்டியிருக்கிறார்கள். லோமே நகரத்தில் 1,500 சிறுதொழில்களை எடுத்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான பயிற்சி: கணக்கு, விளம்பரம், ஆள் மேலாண்மை. இன்னொரு பிரிவினருக்கு மனவியல் அடிப்படையில் வேறு பயிற்சி: மற்றவரிடமிருந்து எப்படி வேறுபடுவது, வாய்ப்பை எப்படித் தேடுவது, தடை வந்தால் எப்படிச் சுற்றிப் போவது. இரண்டாவது பிரிவில் லாபம் 30 சதவீதம் கூடியது. பெண்களை மட்டும் எடுத்தால் 40. வழக்கமான பயிற்சி பெற்ற பெண்களுக்கு 5 சதவீதம்தான். 2017ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு. அகமதாபாத்தில் சேவா பேங்க் வாடிக்கையாளர்களான பெண்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தியபோது இன்னொன்று தெரிந்தது: ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள்தான், கற்றதைக் கொண்டு கடன் வாங்கித் தொழிலில் போட்டார்கள். தனியாக வந்தவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை.

தையல் பயிற்சி நடத்துகிற நிறுவனங்களுக்கும் குழுத் தலைவிகளுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கோர்ஸின் கடைசி வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். பெண்களை இரண்டிரண்டு பேராக அனுப்பி, எந்தத் தெருவில் எத்தனை கடை, எதைத் தைக்க ஆள் இல்லை, வாடிக்கையாளர்கள் எதற்கு வெளியூர் போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மெஷின் கொடுப்பது, லோனுக்குக் கையெழுத்துப் போடுவது எல்லாம் அதற்குப் பிறகு நடக்கட்டும்.